காலையில் கார் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தால்

இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள சொகுசு கார் ஒன்று தாழ்ந்து நிற்கிறது என்றதும் எங்கள் ஊரில் முதலில் விழும் தீர்ப்பு, "கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்." போயிருக்கவும் கூடும். ஆனால் சஸ்பென்ஷனுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் தானாகப் போவது அபூர்வம். எங்கோ ஓரிடத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்திருக்கும், அதை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடித்தான் அது தேய்ந்திருக்கும். கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். அப்புறம் உரிமையாளர் வெறுத்துப்போய் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார். நல்ல வண்டிகள் இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை, பெங்களூர், கொச்சியிலிருந்து எட்டு பத்து வருடம் ஓடிய எஸ் கிளாஸ், கியூ7, ரேஞ்ச் ரோவர் வண்டிகள் செகண்ட் ஹேண்டில் மதுரைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாரண்டி முடிந்த அப்படியொரு வண்டியை வைத்திருப்பவருக்கும், அதைக் கையில் எடுக்கும் பட்டறைக்காரருக்கும் இது. வாரண்டி மிச்சமிருந்தால் எதையும் கழற்றாதீர்கள், நேராக ஷோரூமுக்கு விடுங்கள்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எது?

"அடாப்டிவ் சஸ்பென்ஷன்" என்று விற்பவர் சொல்வது பல வேறு அமைப்புகளுக்கான பொதுப்பெயர். காற்று நிரம்பிய ரப்பர் பலூன் வண்டியைத் தாங்கினால் அது ஏர் சஸ்பென்ஷன். மெர்சிடிஸ் 1998-இல் எஸ் கிளாஸில் கொண்டுவந்த ஏர்மேட்டிக் இந்த வகை. சில வண்டிகளில் பின்பக்கம் மட்டும் பலூன், முன்னால் சாதாரண ஸ்பிரிங். வேறு சிலவற்றில் நான்கு பக்கமும் இரும்பு ஸ்பிரிங்தான், குலுக்கலை அடக்கும் ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் கரண்டில் இறுக்கம் மாறும். அந்த வண்டி தாழ்ந்து நின்றால் காற்றைத் தேடிப் பயனில்லை. ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு: மெர்சிடிஸின் ஏபிசி என்ற ஹைட்ராலிக் அமைப்பு. அதில் ஓடுவது காற்று இல்லை, ஆயில். அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும். அந்தக் குழாயைச் சாதாரண ஸ்பேனர் வைத்துத் தளர்த்திப் பார்க்கும் வேலையே கூடாது. இந்தக் கட்டுரை அதற்கு இல்லை.

தொடங்கும் முன்

இன்ச் டேப், டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரேயர், மல்டிமீட்டர் போதும். ஸ்கேனர் வேண்டும்தான், ஆனால் ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சினின் கோளாறுக் குறியீட்டை (கோடு) மட்டும் படிக்கும். சஸ்பென்ஷனை ஆளும் கணினியான கண்ட்ரோல் யூனிட்டுக்குள் நுழைந்து, நான்கு மூலை உயரத்தையும் காற்றழுத்தத்தையும் நேரலையாகக் காட்டும் ஸ்கேனர்தான் இதற்கு உதவும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காற்று மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நீட்டாதீர்கள். பலூன் ஒரு நொடியில் இறங்கலாம். ஜாக்கி போடும் முன், உயரம் சரிசெய்வதை நிறுத்திவைக்கும் ஜாக் மோடை வண்டியில் ஆன் செய்யுங்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போங்கள். ஜாக் மோடு போடாவிட்டால் வண்டி தூக்கப்படுவதைப் பார்த்து கண்ட்ரோல் யூனிட் உயரத்தைச் சரிசெய்வதாக நினைத்துக் காற்றை வெளியே விட்டுவிடும்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருக்கிறது

வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். இதை ஒழுங்காகப் பிடித்துவிட்டால் மற்றவை பாதி தாமாகவே விலகிவிடும்.

அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் காற்று குறைந்திருந்தால் கணக்கு தப்பும். மறுநாள் காலை கதவைத் திறக்காமல், ரிமோட்டைக்கூட அழுத்தாமல் மறுபடி அளங்கள். ரிமோட் அழுத்தியதும் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யும் வண்டிகள் உண்டு. அப்படி ஆகிவிட்டால் தடயம் அழிந்த மாதிரிதான்.

கொஞ்சம் இறங்குவது இயல்பு. மாலை 38 டிகிரியில் நிறுத்திய வண்டி விடியற்காலை 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் பலூனுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும். மதியம் மதுரையில் 36 டிகிரியில் புறப்பட்டு, கொடைக்கானலில் 12 டிகிரி அதிகாலையில் பார்த்தால் சுருக்கம் 8 சதவீதத்தை நெருங்கும். நான்கு மூலையும் ஒரே அளவில் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட 15, 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடலாம்.

தேடும் இடம் மூன்று: பலூன், அதற்குப் போகும் நைலான் குழாய், ஒவ்வொரு மூலைக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக். மூன்றிலும் சந்தேகத்தை முதலில் பலூன் மேல் வையுங்கள். அது கீழே மடிந்து மடிந்து வேலை செய்வதால் வெடிப்பு வருவது அந்த மடிப்பில்தான். மேலூர் பக்கத்து வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. வெயிலும் ஓசோனும் ரப்பரை என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பங்குனி சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் பலூன், நிழலில் நிற்பதைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் அடித்தும் குமிழி வராது. வண்டியை உயர் நிலைக்கு ஏற்றுங்கள், மடிப்பு விரியட்டும், ஸ்டாண்டு கொடுத்துவிட்டு அந்த விரிந்த இடத்தில் அடியுங்கள். ஓரிரு நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சின்னக் கசிவு பெரிய குமிழி விடாது, வெள்ளை நுரையாகத் திரளும். பலூனின் மேல்முனை, ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் வளையம், குழாய் செருகும் இணைப்பு மூன்றிலும் அடித்துப் பாருங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டில் (பலூனும் ஷாக்கும் சேர்ந்த தூண்) ரப்பர் உறை மூடியிருந்தால் அதை விலக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

குழாயில் கசிவு என்றால் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தோப்பு வீடுகளில் நிற்கும் வண்டிகளில் எலியை முதலில் நினையுங்கள். வயரைக் கடிக்கிற எலிக்கு இந்த மெல்லிய நைலான் குழாயும் பல்லுக்கு வாட்டம்தான். வெட்டுப்பட்ட இடத்தை டேப் சுற்றி ஒட்டுவது நிற்காது. உள்ளே இருப்பது பல பார் அழுத்தம். அதே அளவுள்ள சரியான இணைப்பான் போட வேண்டும், இல்லாவிட்டால் முழு நீளமும் மாற்ற வேண்டும்.

பலூனிலும் குழாயிலும் எதுவும் தெரியவில்லை என்றால் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படலாம். அதைப் பிரித்தறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. வண்டியைச் சரியான உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சந்தேக மூலையின் குழாயை வால்வு பிளாக்கிலிருந்து எடுத்து, பிளக் போட்டு அடைத்துவிட்டு ராத்திரி முழுக்க நிறுத்துங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு நிறுத்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், வண்டியின் பாரம் பலூனில் இருந்தால்தான் சோதனை. குழாயை எடுக்கும் நேரத்தில் கொஞ்சம் காற்று போயிருக்கும், அதனால் அடைத்து, ஸ்டாண்டை எடுத்த பிறகு புதிதாக அளவெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அப்போதும் இறங்கியிருந்தால் கசிவு குழாயிலோ பலூனிலோதான். இறங்காமல் நின்றால் வால்வு பிளாக்கே குற்றவாளி. ஒரு ராத்திரி போகும், ஆனால் ஊகத்தில் ஒரு பாகம் வாங்குவதைவிட இது மலிவு.

பலூன் மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுப் பலூனுக்குள் காற்று ஏற்றாமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கினால் ரப்பர் தப்பாக மடிந்து அன்றைக்கே கெட்டுப்போகும். தூக்கிய நிலையிலேயே ஸ்கேனர் வழியாகக் காற்று ஏற்றிவிட்டு மெதுவாக இறக்குங்கள். முழுதும் இறங்கிய வண்டியை "பட்டறை வரைக்கும்தானே" என்று ஓட்டி வருவதும் இதே கேட்டைத்தான் செய்யும். ஒரு மூலை போனதற்காக இரண்டையும் மாற்றணுமா என்று கேட்பார்கள். இரண்டும் வண்டியோடு வந்த ஒரிஜினல் என்றால், பணம் இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள் என்பேன். முடியாவிட்டால் மறுபக்கத்தை நன்றாகச் சோப்பு போட்டுப் பார்த்துவிட்டு விடலாம், தப்பில்லை.

நான்கு மூலையுமே இறங்கிவிடுகிறது

நான்கு பலூனும் ஒரே ராத்திரியில் வெடிக்காது. சில வண்டிகளில், ரேஞ்ச் ரோவர் வகையில் குறிப்பாக, நிறுத்திய பிறகும் கண்ட்ரோல் யூனிட் இடையிடையே விழித்து உயரம் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் வண்டி கோணலாக நிற்கக்கூடாது என்று மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு இறக்கிவிடும். கண்ணுக்குத் தெரிவது முழு வண்டியின் சரிவு, உண்மையில் கசிவது ஒரு மூலை.

இதைப் பிடிக்க, மாலையில் உயரம் அளந்துவிட்டுச் சஸ்பென்ஷனின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். எந்த ஃபியூஸ் என்பது வண்டியின் கையேட்டில் அல்லது ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும். யூனிட் தூங்கிவிட்டதால் இனி எவரும் சரிசெய்ய மாட்டார்கள், கசியும் மூலை மட்டும் காலையில் தனியாகக் காட்டிக்கொடுக்கும். அப்போதும் எல்லாம் ஒரே அளவில் இறங்கினால் வால்வு பிளாக்கைப் பாருங்கள்.

கம்ப்ரசர் சத்தமே இல்லை, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

சத்தமே இல்லை என்றால் கம்ப்ரசரைக் கழற்றும் முன் ஃபியூஸ், கம்ப்ரசருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே இரண்டையும் பாருங்கள். ஃபியூஸ் பெரியதாக, பல வண்டிகளில் 40 ஆம்பியராக இருக்கும். அது எரிந்திருந்தால் புதிதாகப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். ஏன் எரிந்தது? கம்ப்ரசர் மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுத்திருக்கலாம். ரிலேயை எடுத்துவிட்டு கம்ப்ரசருக்கு நேரடியாக, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் ஒரு சில நொடி 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, கோளாறு ரிலேயிலோ வயரிலோ கட்டளையிலோ. கண்ட்ரோல் யூனிட், கம்ப்ரசர் சூடாகிவிட்டது என்று கணக்குப் போட்டு அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். அரை மணி ஆறவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிற்காமல் ஓடினால் இரண்டு காரணங்கள். ஒன்று, கசிவு. இன்னொன்று ரிலே. ரிலேயின் உள்முனை உருகி ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும். சில மணி நேரத்தில் அதுவும் எரியும், பேட்டரியும் காலியாகும். அதனால் கம்ப்ரசர் மாற்றுகிற எவரும் ரிலேயையும் கூடவே மாற்ற வேண்டும். ரிலேயின் விலை அதனோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் வேலை பார்த்த மெக்கானிக்குகள் ஏர் பலூனை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அங்கே பழகிய ஒரு எண்ணத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. பஸ்ஸின் கம்ப்ரசர் எஞ்சினால் ஓடுவது, எஞ்சின் ஓடும்வரை காற்று கொடுத்துக்கொண்டே இருக்கும். லேசான கசிவு இருந்தாலும் தெரியாமல் போய்விடும். காரில் இருப்பது சின்ன மின்மோட்டார். கொஞ்ச நேரம் ஓடி நிறைய நேரம் ஓய்வெடுப்பதற்காகச் செய்தது. அதற்கு லேசான கசிவு என்று ஒன்று கிடையாது.

இன்னொரு கேடும் இதில் ஒளிந்திருக்கிறது. கம்ப்ரசருக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் நிரப்பிய டிரையர் இருக்கும், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். பலூனிலிருந்து காற்று இதன் வழியாகத் திரும்பி வெளியேறும்போது அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும், டிரையர் உலரும். கசிவுள்ள வண்டியில் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், இந்த வழியாகத் திரும்பாது. டிரையர் ஊறிப்போய், ஐப்பசி கார்த்திகை மழைக்காற்றின் ஈரம் நேராக வால்வு பிளாக்குக்குள் போய், அது பூத்துப்போகும். ஒரு பலூன் வெடிப்பில் தொடங்கி, கம்ப்ரசர், டிரையர், வால்வு பிளாக் என்று வரிசையாகப் போவது இப்படித்தான். கம்ப்ரசரைக் கழற்றினால் டிரையரில் ஈரமோ வெள்ளைத் தூளோ வருகிறதா என்று பாருங்கள்.

கம்ப்ரசரின் பலத்தை அறிய, வெளியேறும் குழாயில் அழுத்த மீட்டர் மாட்டி ஓடவிடுங்கள். நல்ல கம்ப்ரசர் 10 பாரைத் தயங்காமல் தாண்டும். 5, 6 பாரில் மூச்சு வாங்கினால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. தேய்ந்த கம்ப்ரசர் தன் பலவீனத்தை முதலில் காட்டும் இடம் வத்தலக்குண்டு தாண்டிய கொடைக்கானல் மலைப்பாதை. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு, அதே வேலைக்கு அது அதிக நேரம் ஓட வேண்டும். "மலையில மட்டும்தான் வார்னிங் வருது அண்ணே, கீழ வந்தா போயிடுது" என்று வருகிற வண்டியில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காற்று கசியவில்லை, ஆனாலும் கோணலாக நிற்கிறது

ஒரு மூலை தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, அல்லது ஓடும்போது திடீரென்று தாழ்கிறது, நிறுத்திவிட்டால் அப்படியே நிற்கிறது. இது உயரம் அளக்கும் சென்சாரின் வேலை. சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கை ஒன்று, அதிலிருந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்முக்கு ஒரு லிங்க் ராடு. அந்த ராடின் குட்டிப் பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சென்சார் தவறான உயரத்தைச் சொல்லும், யூனிட் அதை நம்பி வண்டியை ஏற்றும் இறக்கும்.

கண்ணால் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழவளவு பக்கம் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் கல்தூசி ஏறி ஜாயிண்ட் இறுகி முறிந்திருப்பது உண்டு. ஸ்கேனரில் உயர அளவைத் திறந்து வைத்து, உண்மையான டேப் அளவோடு ஒப்பிடுங்கள். அனலாக் வகை சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை வரும், சென்சாரின் கையை மெதுவாக அசைத்தால் வெளியீடு அரை வோல்ட்டிலிருந்து நாலரை வரை தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு துள்ளல் இருந்தால் சென்சார் போய்விட்டது. ராத்திரியில் எதிரே வருபவர் ஹெட்லைட்டைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு துப்பு, பல வண்டிகளில் விளக்கின் சாய்வைத் தீர்மானிப்பது இதே சென்சார்.

சென்சார் மாற்றிய பிறகு உயரக் காலிபரேஷன் (சரியான உயரம் எது என்று யூனிட்டுக்குப் பதிவு செய்வது), அதன் பிறகுதான் வீல் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் அலைன்மென்ட் பணம் வீண்.

உயரம் சரி, ஓட்டம் சரியில்லை

வேகத்தடையில் மண்டையில் அடிப்பது மாதிரி விறைப்பு, அல்லது நான்குவழிச்சாலையில் படகு மாதிரி மிதப்பு. முதலில் டயர் காற்றைப் பாருங்கள், ஸ்போர்ட் மோடு ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஷாக்கின் மின் பக்கம்.

வால்வை கரண்டால் திறந்து மூடும் சி.டி.சி. வகை ஷாக்கில் இணைப்பு போனால் பெரும்பாலும் விறைப்பான பக்கமாகப் போய் நிற்கும். காந்தத் திரவம் நிரப்பிய மேக்னரைடு வகை, 2002-இல் காடிலாக்கில் வந்தது, நேர் எதிர்: கரண்ட் இல்லாவிட்டால் திரவம் இளகி வண்டி மிதக்கும். ஆகவே விறைப்பா மிதப்பா என்பதைவிட, உங்கள் வண்டியில் எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்டு அறிகுறியைப் படியுங்கள்.

கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் காயிலின் ஓம் அளவு எடுங்கள். சில ஓம்தான் இருக்கும். இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிடுவதே சிறந்த அளவுகோல். ஒன்று முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போனால் வயரைத் தொடர்ந்து போங்கள், சக்கரத்தோடு சேர்ந்து அசையும் இடத்தில் உள்ளே முறிந்திருக்கும். பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து நான்கு ஷாக்கும் விறைப்பு என்றால் ஷாக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங் கோண சென்சார் தன் நடுநிலையை இழந்திருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய் ஈரம் இருப்பது கோளாறு இல்லை. சொட்டினால்தான் மாற்ற வேண்டும்.

டொக் டொக் சத்தம்

எலக்ட்ரானிக்ஸைத் தேடாதீர்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளைப் பாருங்கள்: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் ஓடும் எந்த வண்டிக்கும் இது வரும்.

பல விளக்குகள் ஒன்றாக எரிகின்றன, அல்லது மழைக்குப் பிறகு வந்தது

சஸ்பென்ஷன், ஏபிஎஸ், ஸ்டியரிங் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால் பேட்டரியை அளங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்து, எல்லாக் கோளாறுக் குறியீடுகளையும் அழித்து, எது திரும்பி வருகிறதோ அதை மட்டும் துரத்துங்கள்.

மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் வேறு கதை. கம்ப்ரசர் பெரும்பாலும் தாழ்வான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதன் காற்று எடுக்கும் குழாயில் தண்ணீர் புகுந்திருக்கலாம், அப்படி இருக்கும்போது கம்ப்ரசரை ஓடவிட்டால் அந்தத் தண்ணீர் டிரையருக்குப் போய்விடும். சஸ்பென்ஷன் ஃபியூஸை உடனே எடுங்கள். வண்டி நிற்கும் உயரத்திலேயே, தளம் சாய்த்து வண்டியை மேலே ஏற்றும் லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். உறிஞ்சும் குழாயையும் ஃபில்டரையும் கழற்றி ஈரம் பாருங்கள், கனெக்டர்களைத் திறந்து பச்சை பூத்த முனைகளைச் சுத்தம் செய்து உலர்த்துங்கள். டிரையரில் தண்ணீர் இருந்தால் அதை மாற்றிவிட்டு, அதன் பிறகே ஃபியூஸைத் திரும்பச் செருகுங்கள்.